மோட்டார் ஓடுகிறது, ஊசி அதிரவில்லை

ரூஃப் காங்கிரீட் போடும் நாளில் எது குறைந்தாலும் கட்டுமான இடத்தில் சமாளித்துவிடுவார்கள். சித்தாள் இரண்டு பேர் வரவில்லை என்றால் வேலை கொஞ்சம் இழுக்கும். எம்-சாண்ட் பற்றவில்லை என்றால் பக்கத்து வேலையிலிருந்து ஒரு லோடு கைமாற்று கிடைக்கும். மிக்சர் மெஷின் மக்கர் செய்தால் உடனே ஊரெல்லாம் போன் பறக்கும். வைப்ரேட்டர் நின்றுபோனால் மட்டும் அந்தப் பதற்றம் வருவதில்லை. "கம்பியால குத்தி விடுப்பா, போதும்" என்று மேஸ்திரி சொல்வார்; வேலை தொடரும். சாயங்காலம் மேல்பரப்பைத் தேய்த்து முடித்தபின் பார்த்தால் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது. சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும் நாளில்தான் விஷயம் வெளியே வரும். பில்லரின் அடியில் ஜல்லி தனித்தனியாக ஒட்டிக்கொண்டு, நடுவே ஓட்டை ஓட்டையாக, கம்பி எட்டிப் பார்க்கும். தேன்கூடு விழுந்திருக்கிறது என்பார்கள். சிமெண்டைக் குழைத்து அப்பி மறைத்துவிட்டால் வீட்டுக்காரருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் கம்பிக்குத் தெரியும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

வைப்ரேட்டர் நிற்பது பெரும்பாலும் சிறிய கோளாறால்தான். எந்த இடத்தில் கோளாறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி நேரம் அங்கேயே சரிசெய்துவிடலாம். அதைவிட ஆபத்தான ஒரு நிலை உண்டு: மோட்டார் சத்தமாக ஓடும், ஷாஃப்ட் சுற்றும், ஊசியையும் காங்கிரீட்டுக்குள் விடுவார்கள், ஆனால் அது அதிராது, அல்லது பெயருக்கு அதிரும். நின்றுபோன கருவியை எல்லோரும் பார்க்கிறார்கள். ஓடிக்கொண்டே வேலை செய்யாத கருவியை யாரும் கவனிப்பதில்லை. இரண்டையும் புரிந்துகொள்ள, இந்தக் கருவி என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று தெரிய வேண்டும்.

அப்போதுதான் கொட்டிய காங்கிரீட்டுக்குள் நிறையக் காற்று சிக்கியிருக்கும். கலவை எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பொறுத்து, அதன் கன அளவில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெறும் காற்றாகவே இருக்கலாம். கல்லும் மணலும் ஒன்றின்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்பதால் இடையில் அந்த வெற்றிடங்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. வலிமைக்கணக்கில் இது சாதாரண இழப்பில்லை. 5 விழுக்காடு காற்று உள்ளே நின்றுவிட்டால் வலிமை 30 விழுக்காடு வரை குறையும். எம்-20 என்று கணக்குப் போட்டு, சிமெண்டும் ஜல்லியும் சரியாக அளந்து கொட்டியும், கடைசியில் கிடைப்பது எம்-14 தரம். சிமெண்ட் மூட்டைக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு காற்றில் போனது என்றே பொருள்.

அதிர்வு இங்கே செய்வது எளிமையானது. படியில் அரிசி அளக்கும்போது இரண்டு தரம் குலுக்கினால் அரிசி உள்ளே இறங்கி இன்னொரு பிடிக்கு இடம் விடுமே, அதே இயற்பியல்தான். அதிர்வின்போது துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் உராய்வு கணநேரம் தளர்கிறது. அசையாமல் குவியலாக நின்ற கலவை அந்த நேரத்தில் திரவத்தின் குணத்தைப் பெறுகிறது. ஜல்லி தன் எடையால் இறங்கும், சிமெண்ட் சாந்து இடைவெளிகளில் பாயும், காற்று குமிழியாக மேலே வந்து உடையும். ஊசியை எடுத்ததும் கலவை மறுபடி பழைய இறுக்கத்துக்கு வந்துவிடும். ஃபிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஃப்ரெய்சினே முதல் உலகப் போர்க் காலத்திலேயே காங்கிரீட்டை இயந்திரத்தால் அதிரவைத்துக் கெட்டிப்படுத்தும் முறையில் இறங்கியவர். முன்னழுத்தக் காங்கிரீட்டின் தந்தை என்று உலகம் அவரை அறியும். தண்ணீர் குறைவான, கெட்டியான கலவையைக்கூட மூலைமுடுக்கெல்லாம் நிரப்ப முடியும் என்ற வாய்ப்பை அதிர்வுதான் திறந்துவிட்டது. அதிர்வு இல்லாவிட்டால் கலவையை ஓடவைக்க ஒரே வழி தண்ணீரைக் கூட்டுவது. தண்ணீர் கூடக்கூட வலிமை குறையும். வைப்ரேட்டர் நின்ற அடுத்த நிமிடமே யாராவது ஒரு வாளித் தண்ணீரை மிக்சரில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கெடுதலை மறைக்க இன்னொரு கெடுதலைச் சேர்க்கிறார்கள்.

இனி கருவியைப் பார்ப்போம். நம் ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும் வைப்ரேட்டரில் மூன்று பகுதிகள் உண்டு. ஒன்று மோட்டார், அல்லது பெட்ரோல் என்ஜின். இரண்டாவது, கருப்பு ரப்பர் குழாய்க்குள் சுற்றும் நீண்ட ஷாஃப்ட். பெரும்பாலும் 6 மீட்டர் இருக்கும். மூன்றாவது, முனையில் இருக்கும் இரும்பு ஊசி. சைட்டில் நீடில் என்பார்கள். 25, 40, 60 மி.மீ. தடிமன்களில் வரும். கம்பி நெருக்கமான பீமுக்கு மெல்லியது, அகலமான அடித்தளத்துக்குத் தடித்தது.

நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. இதில் ஓடும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. சுமையோடு இன்னும் சற்றுக் குறையும். ஆனால் காங்கிரீட்டை நன்றாக இளக்க நிமிடத்துக்கு 9,000, 10,000, 12,000 அதிர்வுகள் தேவை. 3,000 சுற்றும் ஷாஃப்டிலிருந்து 9,000 அதிர்வு எப்படி வருகிறது? பல்சக்கரம் எதுவும் உள்ளே கிடையாது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஊசிக்குள் ஒரு கனத்த இரும்புத் தண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. பெண்டுலம் என்று சொல்வார்கள். அதன் மேல்முனை வளைந்துகொடுக்கும் ஓர் இணைப்பால் ஷாஃப்டோடு பிணைந்திருக்கும். கீழ்முனை ஊசியின் உட்சுவரைத் தொட்டு உருளும்படி விடப்பட்டிருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது பெண்டுலத்தின் முனை உட்சுவரில் உரசி, உராய்வால் பிடிபட்டு, அந்தச் சுவரைச் சுற்றி உருண்டு வலம் வரும். ஒவ்வொரு வலத்துக்கும் ஊசி ஒருமுறை பக்கவாட்டில் உதைபடும். அந்த உதைதான் அதிர்வு. பெண்டுலத்தின் குறுக்களவு 30 மி.மீ., அது உருளும் வளையத்தின் உட்குறுக்களவு 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெண்டுலத்தின் அளவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 30-ஐ 10-ஆல் வகுத்தால் 3. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் பெண்டுலம் மூன்று தரம் வலம் வரும். 3,000 சுற்று 9,000 அதிர்வாகிவிடுகிறது. இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகம். மோட்டாரையே ஊசிக்குள் வைத்து, மின்சாரத்தை 200 சுழற்சிக்கு மாற்றிக் கொடுத்து நேரடியாக 12,000 சுற்று எடுக்கும் கருவிகளும் பெரிய திட்டங்களில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது சைட்டில் செய்கிற வேலை இல்லை, இங்கே விட்டுவிடுகிறேன்.

பெண்டுலத்தின் கதை தெரிந்ததும் பாதிக் கோளாறுகள் தாமாகவே விளங்கிவிடும். மோட்டாரைப் போட்டதும் பெண்டுலம் சில நேரம் நட்டநடுவில், சுவரைத் தொடாமல், நேராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். தொட்டால்தானே உருளும்? தொடாதவரை அதிர்வு வராது. மோட்டார் ஓடும் ஓசை கேட்கும், ஊசியைக் கையில் பிடித்தால் மெல்லிய நடுக்கம் மட்டும் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர், "அண்ணே, மோட்டார் ஓடுது, ஊசி அதிரல" என்று கத்துவார். அனுபவஸ்தர் வந்து ஊசியின் நுனியை ஒரு மரப்பலகையில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். உடனே ஓசை மாறும். ஆழ்ந்த உறுமலாக இருந்தது கீச்சென்ற உயர்ந்த தொனிக்குத் தாவும். பெண்டுலம் சுவரைப் பிடித்துவிட்டது. இதை ரிப்பேர் என்றே சொல்ல முடியாது. கருவியின் இயல்பு அது. இது தெரியாமல் கருவியைக் கெட்டது என்று ஓரம் கட்டிவிட்டு நாள் முழுக்கக் கம்பியால் குத்தும் இடங்கள் உண்டு. தட்டுவதற்குக் கருங்கல்லையோ இரும்பையோ பயன்படுத்தக் கூடாது. மரம் போதும்.

இரண்டு மூன்று தரம் தட்டியும் பிடிக்கவில்லையென்றால்தான் கோளாறு. அப்போது மூன்று பகுதிகளையும் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. ஈரத் தரை, ஈரக் கை, கம்பி வலைமேல் நிற்கும் கால், எல்லாம் சேர்ந்து மின்சாரத்துக்கு நல்ல பாதை அமைத்துக் கொடுக்கும் இடம் அது. மூன்றாவது பின் உடைந்த பிளக்கோடும், எர்த் இல்லாத வயரோடும் வைப்ரேட்டர் ஓட்டுவதை எந்த அவசரத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் தடுப்பான் அந்த இணைப்பில் இருந்தே ஆக வேண்டும். கருவி ஓடிய சில வினாடிகளில் அது விழுந்துகொண்டே இருந்தால், தடுப்பானைத் திட்டாமல் மோட்டாருக்குள் ஈரம் போயிருக்கிறதா, வயரில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஷாஃப்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். தனியாக நன்றாக ஓடினால் மோட்டாருக்குக் குறையில்லை, பிரச்சினை அதற்கு அப்பால். ஓடாமல் 'ம்ம்ம்' என்று முனகினால், சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர்மேல். மும்முனை மோட்டாரில் ஏதோ ஒரு முனை வரவில்லை. முனகலோடு விட்டுவைத்தால் காயில் சில நிமிடங்களில் எரிந்துவிடும். உடனே அணைக்க வேண்டும். கெப்பாசிட்டரைத் தொடும் முன் அதில் தேங்கியிருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும், அது எலக்ட்ரீஷியன் கையில் இருக்கட்டும். கையில் பிடித்து ஓட்டும் சிறிய வகைகளில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மூடியைத் திருகிப் பார்த்தாலே தெரியும், மாற்றுவதும் சுலபம்.

சில சமயம் மோட்டாரில் எந்தக் குறையும் இருக்காது. தெருக் கோடியில் இருக்கும் இணைப்பிலிருந்து மெல்லிய வயரை மூன்று நான்கு துண்டாக முறுக்கிச் சேர்த்து மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். 230 வோல்ட் புறப்பட்டு 184 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். இந்த மோட்டார்களின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.64. முறுக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. வெறுமனே சுற்றும், காங்கிரீட்டுக்குள் விட்டதும் திணறி நின்றுவிடும், மோட்டார் தொடமுடியாத அளவுக்குச் சுடும். தடித்த வயரைப் போட்டால் இந்த 'ரிப்பேர்' முடிந்தது.

பெட்ரோல் என்ஜின் என்றால் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பெட்ரோல், சோக், பிளக், சிமெண்ட் தூசி அடைத்த ஏர் ஃபில்டர், மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்து பிசினாகிப்போன கார்புரேட்டர். பலர் கவனிக்காதது ஒன்று. இந்த என்ஜின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் தானாக அணைக்கும் உணரி இருக்கிறது. என்ஜினைச் சாய்வான பலகைமேல் வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், உணரி ஆயில் இல்லை என்று முடிவுசெய்து நிறுத்திவிடும். கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் பிடிக்காது. என்ஜினைச் சமதளத்தில் வைத்து, ஆயில் அளவைப் பார்த்துவிட்டு இழுத்தால் முதல் இழுப்பிலேயே ஓடும்.

அடுத்து ஷாஃப்ட். குழாயைத் தரையில் நேராக நீட்டிவைத்து ஒரு முனையைக் கையால் திருகினால் மறுமுனை அதே அளவு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. திரும்பும்போது தடுக்கித் தடுக்கி வந்தால் அறுந்துகொண்டிருக்கிறது. ஷாஃப்ட் என்பது ஒற்றைக் கம்பி கிடையாது. எஃகுக் கம்பிகளை ஓர் அடுக்கு வலமாகவும் அடுத்த அடுக்கு இடமாகவும் மாற்றி மாற்றிச் சுற்றியது. அதனால்தான் வளைந்தபடியே சுழல முடிகிறது. ஆனால் ஒரு திசையில் சுழன்றால் வெளியடுக்கு இறுகும். எதிர்த்திசையில் சுழன்றால் பிரிந்து விரியும். மும்முனை இணைப்பில் வயர் மாறிப்போனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக ஓடுவதுபோல் இருக்கும், ஷாஃப்ட் உள்ளுக்குள் தன்னைத் தானே பிய்த்துக்கொண்டிருக்கும். மோட்டார் உடம்பில் அம்புக்குறி போட்டிருப்பது இதற்காகத்தான். திசை மாறியிருந்தால் மூன்றில் எந்த இரண்டு வயரையாவது இடம் மாற்றினால் போதும்.

ரப்பர் குழாயைப் பிடித்து மோட்டாரை இழுக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. நாளடைவில் குழாய் நீண்டுவிடும். உள்ளே இருக்கும் எஃகு நீளாது. கடைசியில் ஷாஃப்டின் முனை ஊசியின் இணைப்பை எட்டாமல் நின்றுவிடும். மோட்டாரும் நல்லது, ஷாஃப்டும் நல்லது, ஊசியும் நல்லது, ஆனால் எதுவும் அதிராது. ஒர்க் ஷாப்பில் குழாயை அளந்து வெட்டி மறுபடி பொருத்திக் கொடுப்பார்கள். ஊசியைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: பல மாடல்களில் இணைப்பு இடமரையாக இருக்கும். வழக்கமான திசையில் பலங்கொண்டு திருகினால் இன்னும் இறுகும், மரை போய்விடும். முதலில் எந்த மரை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரும் ஷாஃப்டும் நன்றாக இருந்தால் மிஞ்சுவது ஊசி. கழற்றிய ஊசியைக் கையில் பிடித்துக் குலுக்கினால் உள்ளே பெண்டுலம் 'டொக் டொக்' என்று சுவரில் மோதும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் சிமெண்ட் பால் உள்ளே புகுந்து இறுகிவிட்டது, அல்லது பேரிங் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்கிறது, ஆனாலும் அதிரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி கிரீஸ்.

ஷாஃப்டுக்குக் கிரீஸ் உயிர். அது இல்லாமல் எஃகும் எஃகும் உரசிச் சூடேறி அறுந்துவிடும். அதே கிரீஸ் ஊசிக்குள் போனால் வேலை கெட்டது. பெண்டுலம் உருள்வதே உராய்வை நம்பித்தான். உருளும் பாதையில் எண்ணெய்ப் பசை படர்ந்தால் அது சுவரைப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் வலம் வராது. வலம் வராவிட்டால் அதிர்வு வராது. ஷாஃப்டுக்கும் ஊசிக்கும் நடுவில் ஓர் ஆயில் சீல் வைத்திருப்பது இந்த இரண்டு உலகத்தையும் பிரிக்கத்தான். சீல் தேய்ந்தாலோ, கருவி ஓடவில்லை என்ற கோபத்தில் யாராவது கிரீஸை அள்ளி அடைத்தாலோ, சூட்டில் இளகிய கிரீஸ் சீலைத் தாண்டி இறங்கிவிடும். எந்த இயந்திரம் நின்றாலும் கிரீஸ் போடு என்பது நம் கைப்பழக்கம். இந்த ஓர் இடத்தில் அந்தப் பழக்கமே கோளாறை உண்டாக்குகிறது.

ஒர்க் ஷாப் மேசையில் இப்படிப்பட்ட ஓர் ஊசியைத் திறக்கும்போது பார்க்க வேண்டும். வைஸில் பிடித்து, பைப் ரிஞ்சால் நுனியைத் திருகுவார்கள். பிடிவாதமாக இருந்தால் மரை மேல் கொஞ்சம் சூடு காட்டுவார்கள், பழைய ஒட்டுப் பசை இளகிவிடும். நுனி கழன்றதும் கருத்த, பிசுபிசுத்த குழம்பு ஒன்று வழியும். கிரீஸும் தேய்ந்த இரும்புத் தூளும் கலந்தது. துடைத்து எடுத்தபின் தெரியும் பெண்டுலத்தின் முனையில் பளபளவென்று ஒரு பட்டை. அது உருளும் பாதை. அந்தப் பட்டை கண்ணாடிபோல் வழவழப்பாகவும், எதிரே வளையத்தில் விரல்நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இல்லாமலும் இருந்தால் சுத்தம் செய்து பூட்டினாலே போதும். மண்ணெண்ணெயில் கழுவுவது வழக்கம். ஆனால் மண்ணெண்ணெய் காய்ந்தபின்னும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதற்குமேல் தின்னரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால்தான் பாதை உண்மையிலேயே உலரும். தீப்பொறியும் பீடியும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். புது ஆயில் சீல் போட்டு, மரைக்குப் புதுப் பசை தடவி இறுக்கிப் பூட்ட வேண்டும். மூட்டு வழியாகத் தண்ணீர் புகுந்தால் சிமெண்டும் புகும். ஷாஃப்டுக்குக் கிரீஸ் பூசும்போது மெல்லிய பூச்சு போதும். ஊசிப் பக்கத்துக் கடைசி ஒரு சாண் நீளத்தைப் பூசாமல் விடுவது நல்லது.

விரல்நகத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் என்ன ஆகும்? முன்பு போட்ட கணக்கையே மறுபடி போடுவோம். பெண்டுலம் தேய்ந்து 30-லிருந்து 29 மி.மீ. ஆகிவிட்டது; வளையம் அகன்று 40-லிருந்து 41 ஆகிவிட்டது. ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. தேய்மானம்தான். இப்போது 29-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 2.4. அதே 3,000 சுற்றுக்கு அதிர்வு 9,000-இலிருந்து 7,250-க்கு இறங்கிவிட்டது. ஊசி காங்கிரீட்டை உதைக்கும் விசையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிறது. கருவி ஓடுகிறது, அதிரவும் செய்கிறது. ஆனால் ஊசியைச் சுற்றி முன்பு இளகிய வட்டம் சுருங்கிவிட்டது. நல்ல நிலையில் உள்ள 40 மி.மீ. ஊசி தன்னைச் சுற்றி ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. தூரம் வரை கலவையை இளக்கும். அந்தக் கணக்கை நம்பித்தான் ஊசி இறக்கும் இடைவெளியைக் கைப்பழக்கமாக வைத்திருக்கிறார்கள். வட்டம் சுருங்கியது தெரியாமல் அதே இடைவெளியில் இறக்கிக்கொண்டே போனால், இரண்டு வட்டத்துக்கும் நடுவில் அதிர்வே படாத திட்டுகள் நிற்கும். நான் மேலே சொன்ன ஆபத்து இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் காது நல்ல கருவி. நிமிடத்துக்கு 9,000 அதிர்வு என்றால் வினாடிக்கு 150; 12,000 என்றால் 200. இரண்டுமே நமக்குத் தெளிவாகக் கேட்கும் ஒலிகள். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி ஊசிக்குப் பக்கத்தில் பிடித்தால் எண்ணே கிடைத்துவிடும். கருவி புதிதாக வந்த அன்று ஒரு முறை அளந்து எழுதிவைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தரம் ஒப்பிட்டால் தேய்மானம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். செயலி இல்லாமலும் தேர்ந்த கை ஒன்று கவனிக்கும்: ஊசியைக் காங்கிரீட்டில் இறக்கியதும் தொனி சற்று இறங்கும், சுற்றியுள்ள கலவை இளகி அடங்கியதும் மறுபடி ஏறி ஒரே சீராக நிற்கும். பொதுவாக 5 முதல் 15 வினாடிக்குள் இது நடந்துவிடும். மேல்பரப்பில் சாந்து மினுமினுத்து, பெரிய குமிழிகள் வருவது நின்றபின் ஊசியை மெதுவாக, ஊசி இருந்த குழி தானாக மூடிக்கொள்ளும் வேகத்தில் எடுக்க வேண்டும். தொனி இறங்கியது இறங்கியபடியே இருந்தால் கருவிக்குப் பலம் இல்லை.

ஊசியின் ஆயுளைக் குறைப்பது இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஊசியை வெளியே போட்டுவிட்டு அடுத்த சட்டிக்காகக் காத்திருப்பார்கள். ஈரக் காங்கிரீட்தான் அதற்குக் குளிர்விப்பான். காற்றில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓடினால் உள்ளே பேரிங் காயும், சீல் கருகும், கிரீஸ் இளகி இறங்கும். மேலே சொன்ன கோளாறுகளில் பல அந்தக் காத்திருப்பில்தான் பிறக்கின்றன.

வேலை நடுவில் நின்றே போய், சரிசெய்யவும் முடியவில்லை என்றால் என்ன செய்வது? சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் இறுகத் தொடங்க எடுக்கும் நேரம் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரக் கட்டுப்பாடு. நடைமுறையில் கூடுதலாகக் கிடைக்கும், சித்திரை வெயிலில் அது சுருங்கும். கம்பியால் குத்துவது எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆய்வகத்தில் 15 செ.மீ. சோதனைக் கட்டியைக் கையால் நிரப்பும்போது 16 மி.மீ. கம்பியால், 5 செ.மீ. கனத்துக்கு ஓர் அடுக்காக, அடுக்குக்கு 35 குத்துக் குத்த வேண்டும் என்பது இந்திய விதி. ஒரு கட்டிக்கு 105 குத்து. ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 31,000 குத்து. 1,000 சதுர அடி ரூஃபை ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் சுமார் 12 கன மீட்டர் வரும். மூன்றரை லட்சத்துக்கும் மேல் குத்த வேண்டும். அதை எந்த ஆளாலும் செய்ய முடியாது. ஆகவே கம்பி, ஏற்கெனவே கொட்டிவிட்ட கலவையை மெல்லிய அடுக்குகளாகக் காப்பாற்றவும், சென்ட்ரிங் பலகையை வெளியிலிருந்து மரச் சுத்தியலால் தட்டவும் உதவும். மிச்ச ரூஃபைப் போட உதவாது. கலவை போடுவதை நிறுத்துங்கள். பொறியாளரைக் கேட்டு, வெட்டுவிசை குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து நேராகப் பலகை அடைத்து ஒரு மூட்டுவிட்டு நிறுத்தினால் நாளை சுத்தம் செய்து தொடரலாம். அடைக்காமல் சரிவாக விட்டதும், அதிர்வில்லாமல் இழுத்து முடித்ததும் பின்னால் திருத்த முடியாதவை.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காங்கிரீட்டுக்கு முதல்நாள் மாலையே வைப்ரேட்டரை இடத்துக்கு வரவழையுங்கள். ஊசியை ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி ஓட்டச் சொல்லி, தட்டினால் பிடிக்கிறதா, தொனி ஏறுகிறதா என்று நீங்களே நின்று கேளுங்கள். ஊசியோடு கூடிய இன்னொரு ஷாஃப்ட் கைவசம் இருந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். அதற்கான ஒரு நாள் வாடகை ஒரு ரூஃபின் செலவில் கணக்கில் வராத தொகை. அந்த மாற்று வந்து சேரும்வரை முதல் சட்டிக் கலவையைக் கொட்டச் சம்மதிக்காதீர்கள்.